நாளொரு தப்பு

என் கல்யாணத்தில் நடந்த கூத்துக்கு, ஸ்டிக்கர் பொட்டு அளவிலான ஒரு வில்லைதான் காரணம் என்று திருப்பூரில் எங்கள் சொந்தபந்தம் மொத்தமும் இன்றுவரை நம்புகிறது. நம்பிவிட்டுப் போகட்டும். வில்லைக்கு மானமும் இல்லை, ரோஷமும் இல்லை, என் மேல் கேஸ் போடப் போவதில்லை.

அந்த வில்லை என் அக்கா கோகிலவாணியின் இடது காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. அவளை நாளொன்றுக்கு ஒரு தப்பு செய்ய வைப்பது அதன் வேலை. ஒன்றே ஒன்று, சின்னதாக. அதற்கு மேல் கெஞ்சினாலும் செய்யாது.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன வைத்தியம் இருக்கிறது என்று புரியாது. அவள் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவின் தலைவி. தையல் பிசகைக் கண்டுபிடிக்க அங்கே வரிசையாகக் கேமராக்கள் இருக்கின்றன, கணினி இருக்கிறது. அதெல்லாம் பார்த்து முடித்து ‘சரி’ என்று அனுப்பிய பனியனை அக்கா கையில் வாங்கிப் பிசகு கண்டுபிடிப்பாள். கேமரா விற்ற ஆட்கள் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் போய்விடுவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். கதவைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள், மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பாள். ‘சரி’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் அனுப்புவதற்கு முன் அதை உதட்டுக்குள் நாலு தடவை வாசிப்பாள். நாங்கள் கேலி செய்துகொண்டுதான் இருந்தோம். அவளுக்குத் தூக்கம் போனது, அப்போதும் கேலிதான் செய்தோம். என் கல்யாணம் நிச்சயமான அன்று, “இணைச்சீருக்கு வாணிதான் நிக்கோணும்” என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். அக்கா எழுந்து பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள். கேலி அன்றைக்கு நின்றது.

எங்கள் கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள், மூங்கில் பேழையின் மூடியில் கூறைச்சேலை, தேங்காய், பழமெல்லாம் வைத்துச் சுமந்து வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கல்யாணத்தில் அக்கா தங்கச்சிகளுக்கு அதைவிடப் பெரிய கௌரவம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே, “நான் நிப்பேன்டா உனக்கு” என்று சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினாள். இப்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, “சித்தப்பா பொண்ணை நிறுத்திக்கங்க” என்றாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. அவளுக்கு ஒன்பது வயதில், அப்பாவின் தங்கை வசந்தாமணி அத்தையின் கல்யாணம். பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு சீர்த்தட்டைச் சுமந்து வந்த அக்கா மண்டப வாசலில் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷக் கடைசியில் அத்தையைக் கட்டிய கதிர்வேல் மாமா மோட்டார் சைக்கிளில் வரும்போது லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். எழவு வீட்டில் யாரோ, “அன்னிக்கே தட்டு விழுந்துச்சே” என்றார்கள். யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மட்டும் சொல் சொல்லாக ஞாபகமிருக்கிறது.

அப்புறம் அவள் கையிலிருந்து எதுவுமே விழுந்ததில்லை. ஒரு கரண்டிகூட.

நான்தான் இழுத்துக்கொண்டு போனேன் டாக்டர் பெனாசிரிடம். கோயம்புத்தூரில், ஒரு பேக்கரிக்கு மேலே கிளினிக். தேங்காய் பன் வாசனை மாடிவரை வந்தது.

“தினம் ஒரு தப்பு. அதாங்க மருந்து” என்றார் டாக்டர்.

“நான் தப்பே பண்றதில்லீங்க டாக்டர்.”

“அதனாலதானேங்க வந்திருக்கீங்க.”

அக்கா என்னை முறைத்தாள். டாக்டர் வில்லையை எடுத்து மேஜைமேல் வைத்தார். “ஒரு காரியத்தை நீங்க முதல் தடவை சரிபாத்தா இது சும்மா இருக்கும். ரெண்டாவது தடவையும் சும்மா இருக்கும். அதுக்கு மேல பயந்து பயந்து பாப்பீங்க பாருங்க, அப்ப மூளையில ஒரு எடம் கொதிக்கும். அந்தக் கொதிப்பைக் கண்டதும் இது மெல்ல ஒரு தட்டு தட்டும். கவனம் நழுவும், தப்பு நடக்கும்.”

“நடந்துட்டா?”

“ஒண்ணுமில்ல. பயத்தை இது குறைக்காது. மாத்திரை மாதிரி தூங்க வைக்காது. தப்பு நடந்தும் உலகம் அப்படியே இருக்கிறதை நீங்களேதான் பாக்கணும். நூறு தடவை நான் சொன்னா காது கேக்கும், உடம்பு கேக்காது. உடம்புக்கு நேர்ல காட்டணும்.”

“வண்டி ஓட்டறப்பத் தட்டுச்சுன்னா?” என்று நான் கேட்டேன்.

“வண்டி, அடுப்பு, கத்தி, குழந்தை கிட்டயெல்லாம் வாலைச் சுருட்டிட்டு இருக்கும். அதுக்கு அவ்வளவு அறிவு இருக்கு.”

அக்கா வில்லையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிசகு தேடுகிறாள் என்று தெரிந்தது. “எது இது பண்ணின தப்பு, எது நானாப் பண்ணினதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

“தெரியாது. அன்னன்னிக்கு உள்ள தப்பு தீந்ததும் என் போனுக்கு நேரம் மட்டும் வரும். கோர்ஸ் முடியற வரைக்கும் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னா அதையும் உக்காந்து செக்கிங் பண்ணுவீங்க.”

முதல் நாள் அக்கா காலுக்கு ஒரு செருப்பாக, ஒன்று கறுப்பு ஒன்று காப்பிக் கலரில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். வாசலில்தான் கவனித்தாள். அப்படியே நின்றுவிட்டாள், வேர்த்துக் கொட்டியது. வாட்ச்மேன் வணக்கம் வைத்தார். தையல்காரப் பெண்கள் வணக்கம் வைத்தார்கள். சாயங்காலம் எனக்குப் போன் செய்து அழுதாள். “டேய், ஒருத்தர்கூடப் பாக்கலைடா. இத்தன வருசமா நான் யாருக்குடா செருப்பத் தொடைச்சுத் தொடைச்சுப் போட்டேன்?” அழுகையில் பாதி கோபம்.

அடுத்து ஜெர்மனிக்காரன். கம்பெனியின் பெரிய வாடிக்கையாளன், சிடுமூஞ்சி. தன் வீட்டுக்காரர், எங்கள் சேனாபதி மச்சானுக்கு அனுப்ப வேண்டியதை அக்கா அவனுக்கு அனுப்பிவிட்டாள். ‘சாப்ட்டியா சாமி? கீரை கடைஞ்சு பிரிட்ஜுல வெச்சிருக்கேன்.’ அவன் போன் அதைத் தன் பாஷைக்கு மாற்றிக் காட்டியிருக்கிறது. ‘இன்னும் சாப்பிடவில்லை. எந்தப் பிரிட்ஜ்?’ என்று பதில் வந்தது. அதிலிருந்து அந்த ஆள் ஒவ்வொரு கடிதத்திலும் கீரையை விசாரிக்கிறான்.

ஒருநாள் மாமியாருக்குக் காப்பியில் பாலுக்குப் பதில் மோரை ஊற்றிக் கொடுத்தாள். அந்த அம்மா முழுசாகக் குடித்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீ செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேன் அம்மிணி” என்றாராம். அக்காவைப் பார்த்து ஒரு வீடே எப்படி நடுங்கிக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. அதற்காகவும் கொஞ்சம் அழுதாள்.

பிறகு, யாரோ முன்பின் தெரியாதவர்களின் வரவேற்புக்குப் போய்விட்டு வந்தாள். பக்கத்து மண்டபத்துக்குப் போக வேண்டியவள் இங்கே நுழைந்து, மேடையேறி, பெண்ணின் நகையைச் சரிசெய்துவிட்டு, படத்துக்கு நின்று, பந்தியிலும் உட்கார்ந்துவிட்டாள். இலையில் ஜாங்கிரி விழுந்தபோதுதான் மாப்பிள்ளை யாரென்றே தெரியாதது உறைத்திருக்கிறது. “எந்திரிச்சு ஓடீருவேன்னு நெனச்சேன்டா. ஜாங்கிரி நல்லா இருந்துச்சு. உக்காந்துட்டேன்!” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். அக்கா சிரித்தால் விக்கல் வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் தண்ணீர் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அம்மா இதற்கென்றே போனில் ஒரு குடும்பக் குழு ஆரம்பித்தாள். ‘இன்னிக்கு என்ன தப்பு’ என்று பெயர். பெரியப்பாவிலிருந்து மச்சான்வரை எல்லோரும் சாயங்காலமானால் வந்து விசாரிப்பார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று பந்தயம்கூட நடந்தது. வசந்தாமணி அத்தையும் அதில் உண்டு. எல்லாவற்றையும் பார்த்துவிடுவார், ஒரு வார்த்தை எழுத மாட்டார். அக்காவும் அத்தையும் நேரில் பேசியே எத்தனையோ வருஷம். சண்டை எதுவும் இல்லை. ஒருவரைப் பார்த்தால் ஒருவருக்கு அந்தத் தட்டு ஞாபகம் வரும் என்று இருவருமே ஒதுங்கிக்கொண்டார்கள்.

அத்தை வீட்டிலேயே சேலைக்கு உள்பக்க ஓரத்தில் ஃபால்ஸ் துணி தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். என் கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளெல்லாம் அங்கேதான் போயின. கல்யாணங்களுக்கு வருவார், சாப்பாட்டுக்கூடத்து வாசல் பக்கம் நின்றுகொள்வார். மேடைப் பக்கம் வராதே என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை.

முகூர்த்தம் நெருங்கியபோது அக்கா வந்து, “நிக்கறேன்டா” என்றாள். நான் துள்ளிக் குதித்தேன். குதித்து இறங்கியபோதுதான் ஞாபகம் வந்தது. வில்லை! வைத்தியத்தின் கடைசி நாள் என் கல்யாண நாள்.

டாக்டரிடம் ஓடினோம். “அன்னிக்கு மட்டும் கழட்டிக்கலாங்களா?” என்று கேட்டது நான்தான்.

“தாராளமா” என்றார் டாக்டர். “வேற வேலைக்காகக் கழட்டினா ஒண்ணுமில்ல. பயந்து கழட்டினா, இத்தனை நாள் உடம்பு கத்துக்கிட்டது கொஞ்சம் பின்னால போகும். கோகிலவாணிதான் சொல்லணும்.”

அக்கா காதுக்குப் பின்னால் கைவைத்து வில்லையைத் தொட்டுப் பார்த்தாள். “இருக்கட்டுங்க” என்றாள்.

எனக்குத் தைரியம் இல்லை. படித்தவன், சகுனம் பார்க்காதவன் என்றெல்லாம் சொல்லித் திரிந்த எனக்கு, அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் மௌனிகாவிடம், நான் கட்டிக்கொள்ளப் போகிறவளிடம், எல்லாவற்றையும் சொன்னேன். “விழுந்தா எடுத்து வெச்சுக்கலாங்க. கீழ விழுந்த பழத்தக் கழுவித் திங்கறதில்லையா?” என்றாள். எனக்கு நல்ல இடத்தில்தான் பெண் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

கல்யாண நாள் விடிந்தது. அலங்காரம் செய்ய வந்த பெண்ணை அக்கா கிட்டவே விடவில்லை. மாம்பழக் கலர் பட்டுச்சேலையைத் தானே கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள், அதையும் அவிழ்த்துக் கட்டினாள். மண்டபத்தில் அவள் நடக்கும் இடமெல்லாம் சொந்தக்காரர்கள் மரியாதையாக விலகினார்கள். குழுவில் இருந்த எல்லோருக்கும், இன்றைய தப்பு இன்னும் பாக்கி என்று தெரியும். காப்பியைக் கொட்டினாளா, பெயரை மாற்றிச் சொன்னாளா என்று ஆளாளுக்கு ஆவலாக விசாரித்தார்கள். எதுவும் நடக்கவில்லை. இணைச்சீர் நேரம் வந்துவிட்டது.

சீர் நடத்திவைக்கும் அருமைக்காரர் சட்டையில் சின்ன மைக் குத்தியிருந்தார்கள். அவர் மூச்சு விடுவதுகூட மண்டபம் முழுக்கக் கேட்டது. அக்கா பேழைமூடியை ஏந்திக்கொண்டு படியேறி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒவ்வோர் அடியாக வைத்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் மூச்சை விட்டேன்.

மூடி விழுந்தது.

வாழைப்பழம் என் காலில் விழுந்தது. வெற்றிலை பறந்தது. தேங்காய் மட்டும் நிதானமாக உருண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் ஓட ஆரம்பித்தது. மேலே படம் பிடித்துக்கொண்டிருந்த ட்ரோன் என்ன நினைத்ததோ, என்னை விட்டுவிட்டுத் தேங்காய் பின்னால் போனது. மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் தேங்காய் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. மேளம் நின்றது. தேங்காய் நாற்காலி வரிசையெல்லாம் தாண்டிப் போய் ஒரு வழியாக நின்றது. அதை எடுக்க ஒருத்தர் எழவில்லை.

நான் அக்காவைப் பார்க்கப் பயந்தேன். “ஐய, விழுந்துருச்சு!” என்று ஒரு குரல் கேட்டது. ஒன்பது வயதுப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. அக்காதான். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அருமைக்காரர் மைக்கில் அந்தச் சிரிப்பு மண்டபம் முழுக்க எதிரொலித்தது. பின்னாலேயே விக்கல். மௌனிகா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் தாங்கவில்லை, மாலை குலுங்கச் சிரித்தேன்.

அப்புறம் அக்கா, விக்கலுக்கு நடுவில், மைக் இருப்பதை மறந்து பேசினாள். “கதிர்வேல் மாமா செத்தது லாரி மோதித்தான். தட்டு விழுந்து யாரும் சாகறதில்ல. எனக்கு அப்ப ஒம்பது வயசு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கூடத்து வாசலைப் பார்த்தாள். “அத்தே! அந்தத் தேங்காயை எடுத்துட்டு மேல வாங்க. நீங்க எடுத்துக் குடுத்தாத்தான் நான் சீர் செய்வேன்.”

புருஷன் இல்லாதவள் சீர்த் தேங்காயோடு மேடையேறுவதா? பெண் வீட்டுப் பெரிய மனுஷர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். “இதென்னங்க புதுப் பழக்கம்...”

“வில்லைங்க!” என்று கத்தினார் எங்கள் பெரியப்பா. “அது எங்க வாணி பேசலைங்க, வில்லை பேச வெக்கிது! இன்னிக்குத் தப்பு இதுதானுங்க!”

மண்டபமே மூச்சு விட்டது. ஓ, மெஷின் தப்பா, மெஷின் தப்புக்கு யார் என்ன பண்றது என்று வரிசை வரிசையாகத் தலையாட்டினார்கள். எழுந்த பெரிய மனுஷர், “அப்பிடிங்களா” என்று உட்கார்ந்துவிட்டார். என் அக்கா கேட்டதாக இருந்தால் ஆயிரம் கேள்வி வந்திருக்கும். மெஷின் கேட்டதாகச் சொன்னதும் ஊர் வாயை மூடிக்கொண்டது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அத்தை வாசலிலேயே நின்று அக்காவைக் கால் முதல் தலைவரை ஒரு பார்வை பார்த்தார். கையை முந்தானையில் துடைத்தார். நடந்து வந்தார், குனிந்து தேங்காயை எடுத்தார், படியேறினார். அருமைக்காரர் அத்தை கையிலிருந்தே அதை வாங்கி மூடியில் வைத்தார். மூடியின் ஒரு பக்கத்தை அத்தையும் பிடித்துக்கொண்டார். இணைச்சீர் நடந்தது. மேளக்காரர்கள் வஞ்சனை இல்லாமல் வாசித்தார்கள்.

சாப்பாட்டுக்கூடத்தில் டாக்டர் பெனாசிர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாலையும் கழுத்துமாக நாங்கள் போய் நின்றோம். அவர் இடது கையால் அக்காவின் காதுக்குப் பின்னாலிருந்த வில்லையை உரித்தெடுத்தார். “கோர்ஸ் முடிஞ்சுது. இனிமே சொல்லலாம்” என்று போனைப் பார்த்தார். “இன்னிக்குத் தப்பு விடியக்காலமே தீந்துடுச்சு. அப்ப நீங்க மண்டபத்துக்கே வந்திருக்க மாட்டீங்க.”

“அப்ப மூடி விழுந்தது?”

“கை வேர்த்திருக்கும். எல்லாருக்கும் வேர்க்கிறதுதான்.”

அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வாழ்க்கை பூராவும் பயந்த ஒன்றை, யார் தட்டியும் விடாமல் அவளே செய்திருக்கிறாள். செய்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். “அப்ப... அத்தையைக் கூப்ட்டது?”

டாக்டர் பாயசத்தைக் கலக்கினார். “வில்லைக்குப் பேசத் தெரியாதுங்க.”

“விடியக்காலம் என்னதான் தப்புப் பண்ணினேன்?” என்றாள் அக்கா. அவளுக்குள் இருந்த செக்கிங்காரி எழுந்துவிட்டாள்.

“குனிஞ்சு பாரு அம்மிணி” என்றது பின்னால் ஒரு குரல். வசந்தாமணி அத்தை.

குனிந்து பார்த்தோம். சேலையின் ஓரத்தில் ஃபால்ஸ் துணி வெளியே தெரிந்தது. ஊருக்கே பிசகு சொல்லும் என் அக்கா, பட்டுச்சேலையை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து வளைய வந்திருக்கிறாள். பார்த்த பெண்கள் இருந்திருப்பார்கள். அதைப் போய் அக்காவிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

“நான் தைச்ச ஃபால்ஸ் எனக்குத் தெரியாதா? நீ வாசல்ல கால் வெச்சப்பவே பாத்துட்டேன்” என்றார் அத்தை.

“அப்பவே ஏனுங்க அத்தே சொல்லல?”

“சொன்னாத் திருப்பிக் கட்டீருவே. அது கெடக்கட்டும்னு உட்டுட்டேன். இன்னிக்குத் தப்பு தீந்துபோச்சு, இனிப் புள்ள நிம்மதியா நிக்கும்னு எனக்குச் சந்தோசம்.” அத்தை அக்காவின் தோளில் விலகியிருந்த முந்தானையை இழுத்துவிட்டார். “அப்பறம் நீ மேல இருந்து கூப்ட்டே. ஊரே மெஷினு மெஷினுன்னுச்சு. எனக்கு மட்டுந்தான் தெரியும், அது நீதான்னு. மெஷின் கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டேன் கண்ணு.”

அக்கா அத்தையைக் கட்டிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, விக்கல் மட்டும் கேட்டது.

சேலையை அவள் திருப்பிக் கட்டவே இல்லை. அப்படியே அத்தைக்குப் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்து, இன்னொரு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாள்.